உடம்பு முடியாமல் போகும்போது எடைக்குறைப்பு: தொடர்வதா, மெதுவாக்குவதா, பிடித்து வைப்பதா, விட்டுவிடுவதா?

எடை ஒருவழியாக இறங்கத் தொடங்கியிருக்கும். பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்கு வந்திருப்போம். அந்த நேரம் பார்த்துக் கணுக்கால் முறியும், அல்லது பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள், அல்லது ஒரு காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுக்கையில் போட்டுவிடும். சிலருக்கு முழங்கால் வலி, சிலருக்குத் தைராய்டு குறைவு, சிலருக்கு வேறு ஏதோ நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை. எது வந்தாலும் நோயைப் பற்றிய கவலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: இத்தனை மாதம் பட்ட பாடு என்ன ஆவது?

இந்தப் பயத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் ஒன்றில் போய் நிற்கும். "எது வந்தாலும் விடமாட்டேன்" என்று வயிற்றைக் கட்டுவது ஒன்று. "எல்லாம் போச்சு, முதலில் குணமாகட்டும்" என்று கையை விட்டுவிடுவது மற்றொன்று. நடுவில் இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. கலோரிப் பற்றாக்குறையை, அதாவது செலவழிப்பதைவிடக் குறைத்துச் சாப்பிடுகிற அளவை, சின்னதாக்கிக்கொண்டு மெதுவாகக் குறைக்கலாம். அல்லது குறைப்பதை நிறுத்திவிட்டு, இருக்கிற எடையை ஏறாமல் பிடித்து வைக்கலாம். என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, பெரும்பாலான சறுக்கல்களில், கடைசியாகச் சொன்னதுதான் சரியான முடிவு. ஆனால் எல்லாருக்கும் அல்ல. யாருக்கு எது என்று எப்படிப் பிரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது

மன உறுதி இருக்கிறதா என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கேட்க வேண்டியது இது: உடம்பு இப்போது எதையாவது சரிசெய்துகொண்டிருக்கிறதா, அல்லது ஓடியாட முடியாமல் மட்டும் இருக்கிறதா?

ஆபரேஷன் காயம், முறிந்த எலும்பு, நிமோனியா, தீக்காயம், விடாத காய்ச்சல் எல்லாம் முதல் வகை. உடம்பு உள்ளே கட்டட வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் சுமார் 10 சதவீதம் கூடும். காயத்தை மூடுகிற கொலாஜனுக்குப் புரதம் வேண்டும், அதை உருவாக்க வைட்டமின் சி வேண்டும், துத்தநாகமும் வேண்டும். சாப்பாட்டில் இவை போதாவிட்டால் வேலை நின்றுவிடாது. உடம்பு தன் தசையை உடைத்து அதிலிருந்து அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்ளும். பெரிய காயத்திலும் தீவிரத் தொற்றிலும் நன்றாகச் சாப்பிட்டாலே ஓரளவு தசை கரையும். அதன்மேல் நாமாக ஒரு பற்றாக்குறையையும் வைத்தால் இழப்பு இன்னும் கூடும்.

மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட முதுகுவலி, வீக்கம் வடிந்த பிறகான சுளுக்கு, மருந்து தொடங்கிவிட்ட தைராய்டு குறைவு ஆகியவை இரண்டாவது வகை. இங்கே உடம்புக்குக் கூடுதல் கட்டுமானச் செலவு கிடையாது. அசைவு குறைந்திருக்கிறது, அல்லது சோர்வு, வலி, தூக்கமின்மை போட்டு அழுத்துகிறது. பல நேரங்களில் எடை இறங்குவதே இந்தப் பிரச்சினைக்கு மருந்தாகவும் இருக்கும்.

ஒரே ஆள் சில வாரங்களில் முதல் வகையிலிருந்து இரண்டாவதுக்கு மாறுவார். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் எடுத்த முடிவு ஆறாவது வாரத்துக்குப் பொருந்தாது. ஆகவே இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டு முடித்துவிட முடியாது. ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் மறுபடி கேட்க வேண்டும்.

அப்படியே தொடர்வது

கட்டுப்பாடாக இருந்து பலன் கண்டவர்களை இதுதான் அதிகம் இழுக்கும். பழகிய அளவு, பழகிய நேரம். எதையும் மாற்ற வேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

ஒருவருடைய ஒருநாள் செலவு 2,400 கலோரி, சாப்பிடுவது 1,800 என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை 600. காலில் மாவுக்கட்டு போட்டாயிற்று, நடை நின்றுவிட்டது. செலவு 2,000 பக்கம் இறங்கும். அதே 1,800 சாப்பிட்டால் மிச்சம் 200தான். எடை இறங்குவது ஏறக்குறைய நின்றதுபோலத் தெரியும். "உட்கார்ந்துதானே இருக்கிறேன், எனக்கு எதற்கு இவ்வளவு?" என்று அவர் 1,400க்கு வந்துவிடுவார். எலும்பு ஒட்டுகிற நேரத்தில் சாப்பாடு, அதனோடு புரதமும், தான் இதுவரை சாப்பிட்டதிலேயே மிகக் குறைந்த அளவுக்குப் போய்விடுகிறது. சறுக்கலின்போது நடக்கிற கெடுதலில் பெரும்பகுதி இந்த ஓர் அடியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அசையாமல் இருப்பது தசையை எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் 10 நாள் படுக்கையிலேயே இருந்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசைத் திசுவை இழந்தார்கள். பத்தே நாள், அதுவும் பட்டினி இல்லாமல். எடை மெஷினில் ஏறி நின்றால் இதுவும் "ஒரு கிலோ குறைந்தது" என்றுதான் காட்டும். பார்த்தவர் சந்தோஷப்படுவார். போனது மாடிப்படி ஏற உதவுகிற தசை, இரத்தச் சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்கிற தசை.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் உடம்பு முடியாத நாளில் சாப்பாட்டையும் குறைத்தால் லோ சுகரில் போய் விழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் வாந்தியோடு பட்டினியும் கிடந்தால் இரத்தம் அமிலமாகிற நிலை வரலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது வரும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். இந்த மாத்திரைகளை எந்த நிலையில் நிறுத்தி வைப்பது என்பதை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்சுலினை, குறிப்பாக முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சாப்பிடவில்லை என்பதற்காகத் தாங்களே நிறுத்தக் கூடாது.

சில நேரம் சறுக்கலே வேகமான டயட்டால் வந்ததாக இருக்கும். வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். கல் வந்து அவதிப்பட்டவர், அதே வேகத்தில் தொடரலாமா என்று கேட்டால் பதில் தெளிவு.

அப்படியானால் தொடர்வது யாருக்கு? ஆபரேஷனுக்கு முன்னால் இவ்வளவு எடை குறைத்துவிட்டு வாருங்கள் என்று சர்ஜனே கேட்டிருந்தால், அவருடைய கண்காணிப்பில் தொடரலாம். காய்ச்சல் இல்லாத சாதாரணச் சளியில் இரண்டு மூன்று நாள் எதையும் மாற்றாமல் ஓட்டலாம். மற்றபடி, உடம்பு கட்டட வேலையில் இருக்கும்போது இந்த வழி வேண்டாம்.

விட்டுவிட்டுச் சாப்பிடுவது

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முடிந்ததைச் சாப்பிட்டுக் குணமாவது. கேவலமாக நினைக்க இதில் ஒன்றுமில்லை. சில நேரங்களில் இதுதான் ஒரே சரியான வழி. பெரிய ஆபரேஷன் முடிந்த முதல் நாட்கள், கீமோதெரபி நடக்கும் காலம், தொண்டையில் எதுவும் இறங்காத காய்ச்சல்: அப்போதெல்லாம் உள்ளே போகிற ஒவ்வொரு வாயும் லாபம். உடல் பருமன் உள்ளவருக்கும் அப்படித்தான். "நிறையச் சேமிப்பு இருக்கிறதே, கொஞ்சம் கரையட்டுமே" என்று அவரிடம் சொல்லாதீர்கள். கொழுப்பு நிறைய இருக்கும் உடம்பிலும் புரதத்துக்கென்று தனிச் சேமிப்பு கிடையாது. தேவைப்பட்டால் தசையைத்தான் உடைத்தாக வேண்டும்.

இந்த வழியில் குறை ஒன்றுதான். "குணமான பிறகு" என்பதற்குத் தேதி கிடையாது. பத்து நாளுக்கு என்று தொடங்கியது மூன்று மாதமாக நீளும். ஒருநாளைக்குத் தேவைக்கு மேல் 300 கலோரி என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. 90 நாளில் அது 27,000. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற கணக்கில் மூன்றரைக் கிலோ. எனவே இந்த வழியை எடுத்தால் எடுக்கும் அன்றே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தையல் பிரிக்கிற நாள், அடுத்த செக்கப் நாள், ஆன்டிபயாடிக் முடிகிற நாள், ஏதாவது ஒன்று. அன்றைக்குத் திரும்ப யோசிப்பதாக ஏற்பாடு. அன்றிலிருந்தே குறைக்க வேண்டும் என்பதில்லை.

பிடித்து வைப்பது

என் ஓட்டு இதற்குத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது சுலபம். குறைப்பதற்காக வெட்டியிருந்த சாப்பாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழுவதையும் அல்ல, அசைவு குறைந்த அளவுக்கு அதில் கழிவு உண்டு. மேலே சொன்ன ஆளையே எடுத்துக்கொண்டால், செலவு 2,000க்கு இறங்கிவிட்டது, எனவே சாப்பாடும் 2,000. முன்பு சாப்பிட்டதைவிட 200 அதிகம், அவ்வளவுதான். இந்த 200 மாவுச்சத்திலோ இனிப்பிலோ போகாமல் புரதத்துக்குப் போவது நல்லது.

புரதம் எவ்வளவு? ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுக் கணக்கு. நோயிலிருந்து தேறிவரும் முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை மருத்துவ நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 80 கிலோ ஆளுக்கு அது 96 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் பக்கம், வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் பக்கம் என்று வைத்துப் பார்த்தால், நினைத்ததைவிட அதிகம் சாப்பிட வேண்டியிருக்கும் என்பது புரியும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"நிறுத்தினால் மொத்தமும் திரும்பி வந்துவிடும்" என்ற பயம் இருக்கிறதே, அதற்கு ஓர் ஆய்வைக் காட்டலாம். 2017இல் ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல் பருமனுள்ள ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 16 வாரம் தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டது. இன்னொன்று அதே 16 வாரத்தை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்து, நடுநடுவே இரண்டு வாரம் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கிற அளவுக்குச் சாப்பிட்டது. முடிவில் இடைவெளி விட்டவர்கள் சராசரியாக 14 கிலோ குறைத்திருந்தார்கள். விடாமல் செய்தவர்கள் 9 கிலோ. பிறகு உடற்பயிற்சி செய்பவர்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், கொழுப்பு குறைந்ததில் இரண்டு முறைக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆகவே இடைவெளி விட்டால் கூடுதலாக இறங்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். திட்டமிட்டு விட்ட இடைவெளியால் பட்ட பாடு வீணாகிவிடுவதில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இழுத்துப் பிடித்துப் பட்டினி கிடக்கும் மனிதனின் மனம் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டார்கள். எடையில் கால்வாசி போயிற்று. கூடவே எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, எரிச்சல், மனச்சோர்வு, எப்போதும் குளிர். கட்டுப்பாடு முடிந்ததும் பலர் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் நோயில்லாதவர்கள். வலியும் தூக்கமின்மையும் ஏற்கெனவே வாட்டுகிற ஒருவர்மேல் பசியையும் ஏற்றினால், ஏதோ ஒரு நாள் கட்டு அவிழும். அது கட்டுப்பாடில்லாமல் அவிழ்வதைவிட நாமே தளர்த்துவது மேல்.

என் அண்ணிக்குக் கணுக்கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த சில நாளிலேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மட்டும் ஊன்றி மெஷினில் ஏறிவிட்டார். இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. அன்று சாயங்காலம் பாலை வேண்டாம் என்று ஒதுக்கினார். கட்டின் எடையும் அதில் சேர்ந்திருக்கிறது என்று சொன்னபோதுதான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அவர் ஒரு நோட்டு வைத்திருப்பார், தினமும் காலையில் எடையை எழுத. அதில் எடைக்கான கட்டத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, புரதம், பிசியோ, தூக்கம் என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். நோட்டைத் தினமும் எடுக்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை. உள்ளே எழுதுவது மட்டும் மாறியது. கட்டுப் பிரித்த பிறகு பழைய கட்டத்தை மறுபடி போட்டுக்கொள்வது அவருக்குப் பெரிய மலையாகவே தெரியவில்லை.

பிடித்து வைக்கும் காலத்தில் மெஷின் நிறையப் பொய் சொல்லும். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கிறது. சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டியதுமே ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறுவது இதனால்தான். டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் அந்த நீர், காயத்து வீக்கத்தின் நீர், வலி மாத்திரையால் வந்த மலச்சிக்கல் எல்லாமும் அந்த எண்ணில் சேரும். ஒரு வாரத்தில் உண்மையிலேயே ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தினமும் தேவைக்கு மேல் 1,100 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிட்டீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அநேகமாக இல்லை. எடை பார்ப்பதை வாரத்துக்கு ஒருமுறை ஆக்கிக்கொண்டு, மாதக் கடைசியில் இரண்டு கிலோவுக்குள் முன்னும் பின்னும் இருந்தால் பிடித்து வைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேருக்கு மட்டும் இந்த ஆறுதல் பொருந்தாது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நுரையீரலிலோ கால்களிலோ நீர் சேர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நேர்மாறாக, நன்றாகச் சாப்பிட்டும், குறைக்க முயலாமலும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் காரணம் தேட வேண்டும். எடை குறைக்க ஆசைப்பட்டவர்கள் இதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவதுதான் வருத்தம்.

சின்னப் பற்றாக்குறையோடு போவது

இரண்டாவது வகைச் சறுக்கலுக்கு இதுதான் பொருத்தம். தேவையைவிட 200, 300 கலோரி குறைவு, புரதம் அதே அளவு, வேகம் மாதத்துக்கு ஒரு கிலோ. பசி தெரியாத அளவுக்குச் சின்னது.

முழங்கால் தேய்மானத்தில் இதன் பலன் கண்கூடு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஐந்து கிலோ என்றால் அடிக்கு இருபது கிலோ. வலியால் நடக்க முடியவில்லை, நடக்காததால் எடை ஏறுகிறது, எடையால் வலி கூடுகிறது என்ற சுழலை உடைக்க முதலில் கை வைக்க வேண்டிய இடம் சாப்பாடு. நடைக்குப் பதில் நீச்சல், நிலையான சைக்கிள், உட்கார்ந்து செய்யும் கைப்பயிற்சி என்று வலிக்காத பக்கமாகப் போகலாம். ஒரு கையோ காலோ கட்டில் இருந்தால் மறுபக்கத்துக்குக் கொடுக்கும் பயிற்சி, அசையாத பக்கத்தின் வலிமையையும் ஓரளவு காப்பாற்றும். நரம்பு வழியாக நடக்கிற வேலை அது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தைராய்டு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் பலர் அதுவரை ஏறிய எடை முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தைராய்டு குறைவால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மாத்திரையின் அளவு சரிதானா என்று தெரிய ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதற்குள் பொறுமையிழந்து பட்டினியில் இறங்குவது வேண்டாம். அந்த எட்டு வாரத்துக்குப் பிடித்து வையுங்கள், அளவு நிலைத்த பிறகு சின்னப் பற்றாக்குறைக்கு மாறுங்கள்.

ஸ்டீராய்டு தனிக் கதை. பிரெட்னிசோலோன் எடுப்பவருக்குப் பசி தாங்க முடியாமல் வரும், உடம்பில் நீர் தங்கும், முகம் உப்பும். இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தம் இல்லை. எடை ஏறாமல் நின்றாலே அந்தக் காலத்தில் அது பெரிய வெற்றி. உப்பைக் குறைப்பது, காய்கறியாலும் புரதத்தாலும் தட்டை நிரப்புவது உதவும். எடைக்குப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. சில வாரம் எடுத்த பிறகு திடீரென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி தன் வேலைக்குத் திரும்ப முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஓலான்சபைன், மிர்ட்டசபைன், அமிட்ரிப்டிலின், பிரெகாபலின், வால்புரோயேட் போன்ற மருந்துகளும் எடையை ஏற்றக்கூடியவை. அவற்றுக்கு மாற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாகுளுடைடு ஊசி வந்த பிறகு இந்தக் கேள்வியும் வருகிறது. 2021இல் வெளியான பெரிய ஆய்வில் அதை எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக ஏறக்குறைய 15 சதவீதம் எடை குறைத்தார்கள். நிறுத்தி ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. நீண்ட கால மூட்டுவலி, நீரிழிவு போன்றவற்றில் டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய நல்ல மருந்து. ஆனால் உடம்பு முடியாத நாட்களில் புதிதாகத் தொடங்குவதற்கான மருந்து அல்ல. குமட்டல், வாந்தி, அதனால் நீரிழப்பு, பித்தப்பைக் கல் என்று ஏற்கெனவே உள்ள பிரச்சினையோடு சேர்ந்துகொள்ளக்கூடிய விளைவுகள் இதற்கு உண்டு. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் ஆபரேஷனுக்குப் போகிறார் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிறு காலியாவது தாமதமாகும் என்பதால் அவர்களுக்கு அது முக்கியம்.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது

பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கேட்க முடியாது. "டயட் இருக்கலாமா டாக்டர்?" என்றால் "இருங்க, ஆனா சத்தா சாப்பிடுங்க" என்று பதில் வரும்; அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "டாக்டர், நான் எடை குறைக்கிறதுக்காகத் தினம் இவ்வளவுதான் சாப்பிடறேன். இந்தக் காயம் ஆற வரைக்கும் அதை நிறுத்தி வைக்கணுமா? எந்தத் தேதியில மறுபடி ஆரம்பிக்கலாம்? எவ்வளவு வெயிட் தூக்கலாம்? எடை இறங்கினா சுகர், பிரஷர் மாத்திரையைக் குறைக்கணுமா?" கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எடை நன்றாக இறங்கிய பிறகும் பழைய அளவில் பிரஷர் மாத்திரை எடுத்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. கட்டுப் பிரித்த காலோடு விழுந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

மறுபடி தொடங்குவது

காயம் மூடியிருக்க வேண்டும். வலி மாத்திரை இல்லாமலோ மிகக் குறைவாகவோ நாள் ஓட வேண்டும். தூக்கம் ஒழுங்காகியிருக்க வேண்டும், பசி இயல்பாக எடுக்க வேண்டும், டாக்டர் சரி என்றிருக்க வேண்டும். இவை எல்லாம் கூடி வந்தால் தொடங்கலாம். அப்போதும் அசைவையும் பற்றாக்குறையையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம். முதலில் நடை, பயிற்சி. அது இரண்டு வாரம் தாங்கினால் பிறகு சாப்பாட்டைக் குறைப்பது. பயிற்சியும் விட்ட இடத்திலிருந்து வேண்டாம். பாதி எடை, பாதி நேரம். வயிற்று ஆபரேஷன் என்றால் கனமான பொருளைத் தூக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் தடை இருக்கும். அதை மீறினால் குடலிறக்கம் வரலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தால் பயிற்சிக்கு முன்னால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். இதயத் தசையில் அழற்சி என்று தெரிந்தால் கடினமான பயிற்சிக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு சொல்வார்கள். அந்த ஓய்வில் பேரம் பேச இடமில்லை.

ஒருமுறை உருவான தசை, இழந்த பிறகு முதல் தடவையைவிட வேகமாகத் திரும்பி வரும். எனவே மெலிந்துபோன தொடையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரம் தசையில் நீர் தங்கும், மெஷினில் எண் இறங்காமல் நிற்கும், சில நேரம் ஏறவும் செய்யும். அதைப் பார்த்துச் சாப்பாட்டை மேலும் வெட்டாதீர்கள். மூன்றாவது வாரத்து எண்ணை முதல் எண்ணாக எழுதிக்கொண்டு அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.